தாளவாடி நாட்குறிப்பு: அடுத்த திங்கட்கிழமைப் பாடம்

ஞாயிறு

தாளவாடி ஈரோடு மாவட்டத்தின் ஒரு மூலை. சத்தியமங்கலத்தில் பஸ் ஏறி பண்ணாரி தாண்டியதும் காடு தொடங்கிவிடும். திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, ஆசனூர் வழியாக உள்ளே போக வேண்டும். எல்லை தாண்டினால் சாம்ராஜ்நகர். வீட்டில் கன்னடம், சந்தையில் தமிழும் கன்னடமும் கலந்து. ராகி, முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு விளைகிற மண். காட்டோரக் கிராமங்களில் சோளகர், ஊராளிப் பழங்குடி மக்கள்.

இந்த வட்டாரத்துத் தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கு வகுப்பறைத் தொழில்நுட்பப் பயிற்சி நடக்கிறது. பயிற்சி கொடுக்கும் கருத்தாளராக வந்திருக்கிறேன். பையில் இரண்டு லேப்டாப், ஒரு சின்ன புரொஜெக்டர், நீளமான எச்டிஎம்ஐ கேபிள், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், ஒரு கைப்பிடி பென் டிரைவ். மலையில் நெட் கிடைக்கும் என்று நம்பி எதையும் எடுத்து வரக் கூடாது. எல்லாவற்றையும் கீழேயே பதிவிறக்கி வைத்துக்கொண்டேன்.

தமிழ்நாட்டில் கடந்த சில ஆண்டுகளில் பள்ளிகளுக்கு வந்து சேர்ந்த கருவிகள் கொஞ்சநஞ்சமல்ல. தொடக்கப் பள்ளிகளுக்கு 22,931 திறன்மிகு வகுப்பறைகள், ஆசிரியர்களுக்கு 79,723 கையடக்கக் கணினிகள், பெரிய பள்ளிகளில் ஹைடெக் லேப். 2023இல் மணற்கேணி செயலி வந்தது. 6 முதல் 12 வரையான பாடங்களுக்கு அதில் வீடியோ இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்து, அரசுப் பள்ளியிலேயே பாடம் நடத்துகிற எனக்கு இதெல்லாம் மனதார மகிழ்ச்சி தருகிற விஷயம். கருவி வந்த கையோடு அதை வைத்துப் பாடம் நடத்தும் வழியும் ஆசிரியர் கைக்கு வந்து சேர வேண்டும். அதற்குத்தான் இந்த வாரம்.

ஆசனூர் பக்கம் பஸ் கொஞ்ச நேரம் நின்றது. கரும்பு லாரியை மறித்துக்கொண்டு ஒரு யானை நடுரோட்டில். பஸ்ஸில் யாரும் பதறவில்லை. கரும்பு லாரி வரும் சாலையில் யானை காத்து நிற்பது இங்கே வாடிக்கை. அது நகர்ந்ததும் கிளம்பினோம்.

திங்கள்

பயிற்சி நாளைக்குத்தான். இன்று பள்ளிகளைப் பார்க்கக் கிளம்பினேன். ஆசிரியர் எந்த அறையில், எந்தப் பிள்ளைகளோடு, என்ன வெளிச்சத்தில் நிற்கிறார் என்று பார்க்காமல் அவருக்குப் பயிற்சி கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

முதலில் போன பள்ளியில் ஸ்மார்ட் டிவி சுவரில் பளபளவென்று இருந்தது. மேலே அளவெடுத்துத் தைத்த துணி உறை. ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு இன்னும் அழியவில்லை. தலைமை ஆசிரியர் உறையைக் கழற்றிக் காட்டிவிட்டு உடனே மாட்டினார்.

"அடிக்கடி போடுவீங்களா சார்?"

"போடலாமுங்க. ஆனா பசங்க கை பட்டு ஏதாச்சும் ஆயிருச்சுன்னா யாருங்க பதில் சொல்றது? ஸ்டாக் ரிஜிஸ்டர்ல என் பேருல்ல இருக்குது."

அவர் சொன்னதை அப்படியே குறித்துக்கொண்டேன். இப்படிப்பட்டவரைப் பார்த்து, "தொழில்நுட்பத்துக்குப் பயப்படுகிறார்" என்று பலரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த மனிதர் வீட்டில் யூடியூப் பார்த்து டிராக்டர் பழுது பார்க்கிறவர். இருப்புப் பதிவேட்டில் தன் கையெழுத்துக்குக் கீழே இருக்கிற பொருள் உடைந்தால் விளக்கம் கேட்டுக் கடிதம் வருமோ என்பதுதான் அவருடைய கவலை. பயன்படுத்தும்போது பழுதானால் ஆசிரியர் மீது பழி வராது என்று ஒரு வரி எழுத்தில் வந்தால், எத்தனையோ பள்ளிகளில் துணி உறை கழன்றுவிடும்.

மதியம் போன பள்ளியில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. நீர்ச் சுழற்சி பற்றிய வீடியோ, எட்டு நிமிடம். பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு அமைதியாகப் பார்த்தார்கள். முடிந்ததும் டீச்சர், "புரிஞ்சுதா?" என்றார். "புரிஞ்சுது டீச்சர்" என்று ஒரே குரல். முன் வரிசைப் பையனிடம், "மேகத்துக்குத் தண்ணி எங்கிருந்து போச்சு?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே தரையைப் பார்த்தான்.

டீச்சரோடு கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தேன். நல்ல உழைப்பாளி. போனில் அவருடைய விரல்கள் ஓடுகிற வேகம் எனக்கு வராது. காலையில் எமிஸில் (பள்ளி விவரங்களை ஏற்றும் அரசுத் தளம்) வருகைப் பதிவு, அப்புறம் மதிப்பெண் பதிவு, அப்புறம் பயிற்சிக்கான லிங்க், வாட்ஸ்ஆப் குழுவில் கேட்கிற படிவம். "போனைக் கையில எடுத்தாலே ஏதாச்சும் என்ட்ரி போடத்தான் சார். நீங்களும் புதுசா ஒரு ஆப் சொல்லிக் குடுக்க வந்திருக்கீங்களோன்னு நெனச்சேன்" என்றார்.

நம் ஆசிரியர்களுக்குத் தொழில்நுட்பம் அறிமுகமானது மேலே கணக்கு அனுப்பும் வேலையாக. தன் வகுப்புக்கு, தன் பிள்ளைக்கு அது உதவிய அனுபவம் பலருக்கு இன்னும் வாய்க்கவில்லை. "தொழில்நுட்பப் பயிற்சி" என்று சுற்றறிக்கை வந்தாலே முகம் வாடுவதற்கு இதுதான் காரணம்.

செவ்வாய்

வட்டார வள மையத்தின் கூடம். முப்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். சிலர் காட்டுப் பாதையில் ஜீப் பிடித்து, மீதி தூரம் நடந்து வந்தவர்கள்.

நான் எந்தச் செயலியையும் திறக்கவில்லை. ஒரே கேள்விதான் கேட்டேன். "அடுத்த திங்கட்கிழமை முதல் பீரியட் என்ன பாடம் நடத்தப் போறீங்க?"

சலசலப்பு அடங்க நேரமானது. அப்புறம் ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்லக் கரும்பலகையில் எழுதினேன். ஐந்தாம் வகுப்பு வகுத்தல். ஆறாம் வகுப்பு மின்னியல். மூன்றாம் வகுப்புப் பாடல். ஏழாம் வகுப்புச் சமூக அறிவியல். அடுத்ததாக ஒரு தாள் கொடுத்தேன். அந்தப் பாடத்தில் பிள்ளைகள் எந்த இடத்தில் தடுக்கி விழுகிறார்கள் என்று மட்டும் எழுதச் சொன்னேன். கருவி வேண்டுமா என்று யோசிப்பது அந்த ஓர் இடத்துக்கு மட்டும்தான்.

மூத்த ஆசிரியை ஒருவர் எழுந்தார். "சார், இந்தப் பாட்டை நான் கை தட்டிப் பாடினாலே பசங்க ரெண்டு நாள்ல மனப்பாடமா சொல்லிருவாங்க. இதுக்கு எதுக்குங்க டிவி?"

"வேண்டவே வேண்டாம்மா. நீங்க பாடுறதுதான் சரி" என்றேன். அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். நான் சொன்னது மனப்பூர்வமாகத்தான். கருவி தேவைப்படாத இடத்தை அடையாளம் காண்பதும் பயிற்சியில் சேர்ந்ததுதான்.

மின்னியலில் எல்லோரும் சொன்ன சிக்கல் ஒன்றே. பேட்டரியிலிருந்து ஒரு ஒயர் பல்புக்குப் போனால் போதும், எரியும் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். சுற்று மூட வேண்டும் என்று பரீட்சையில் எழுதுகிறார்கள், மனதில் ஏறவில்லை. இன்னொரு நம்பிக்கையும் உண்டு: மின்னோட்டம் பல்புக்குள் போய்த் தீர்ந்துவிடுகிறது, திரும்பி வருவதில்லை. இதைப் பிள்ளைகள் வாய்விட்டுச் சொல்வதில்லை, அதனால் நாமும் திருத்துவதில்லை.

முதலில் டார்ச் பேட்டரி, குட்டி பல்பு, ஒயர் துண்டு கொடுத்தேன். ஆசிரியர்களே தரையில் உட்கார்ந்து எரிய வைத்தார்கள். ஒரே ஒயரை வைத்து எரிய வைக்க முடியுமா என்று ஒரு குழு கால் மணி நேரம் போராடி, பல்பின் அடியையே பேட்டரியின் முனை மீது உட்கார வைத்து எரிய வைத்துவிட்டது! கூடமே கை தட்டியது. அதற்குப் பிறகுதான் திரைக்குப் போனோம். ஃபெட் சிமுலேஷன்கள், அதாவது பரிசோதனையைத் திரையிலேயே செய்து பார்க்க உதவும் மென்பொருள்கள், அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில், நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002இல் தொடங்கியவை. இலவசம், ஒரு முறை இறக்கிக்கொண்டால் நெட் இல்லாமலே ஓடும். மின்சுற்று சிமுலேஷனில் ஒயருக்குள் எலக்ட்ரான்கள் நகர்வது சின்னச் சின்ன உருண்டைகளாகத் தெரியும். ஒயரை ஓரிடத்தில் துண்டித்தால் அந்த நொடியே எல்லா உருண்டைகளும் சேர்ந்தாற்போல் நிற்கும். துண்டித்த இடத்துக்குப் பக்கத்தில் மட்டுமல்ல, சுற்று முழுக்க.

இதைப் பேட்டரியும் பல்பும் காட்டாது. கரும்பலகையும் காட்டாது. திரை தேவைப்படுவது இந்த ஓர் இடத்தில்தான். கையால் தொட்டுச் செய்ததற்குப் பிறகு வந்தால்தான் அந்த உருண்டைகளுக்குப் பொருள் உண்டு.

துண்டிப்பதற்கு முன்னால் நிறுத்தி, "இப்போ என்ன ஆகும்?" என்று பிள்ளைகளைக் கேட்டு, அவர்கள் சொன்னதைப் பலகையில் எழுதிவிட்டுத்தான் துண்டிக்க வேண்டும். முதலில் கணிப்பது, பிறகு பார்ப்பது, கடைசியில் ஏன் என்று பேசுவது. ஆஸ்திரேலியாவின் ரிச்சர்டு ஒயிட்டும் ரிச்சர்டு கன்ஸ்டனும் அறிவியல் வகுப்புகளுக்காக இதை முறைப்படுத்தியவர்கள். நேற்றைய எட்டு நிமிட வீடியோவையும் இப்படி மூன்று இடத்தில் நிறுத்தினால் போதும், அது வேறு பாடமாகிவிடும். நேற்றுப் பார்த்த டீச்சர் இரண்டாவது வரிசையில் இருந்தார். எந்தெந்த நிமிடத்தில் நிறுத்துவது என்று தன் நோட்டில் அவரே குறித்துக்கொண்டிருந்தார்.

கன்னட வழிப் பள்ளி ஆசிரியர் ஒருவர் தயங்கித் தயங்கி, "எங்க பிள்ளைகளுக்கு?" என்றார். ஃபெட்டில் சில சிமுலேஷன்களுக்குக் கன்னட மொழிபெயர்ப்பு உண்டு. அவற்றைத் தனியாக ஒரு பென் டிரைவில் போட்டு வைத்திருந்தேன். அவர் கையில் கொடுத்தபோது அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும். இந்த வட்டாரத்தில் பயிற்சி என்றால் அவர் எப்போதும் பின் வரிசையில் உட்கார்ந்து, வீட்டுக்குப் போய் மொழிபெயர்த்துக்கொள்கிறவராம்.

புதன்

இன்று ஒரு ஸ்டூல்தான் நாயகன்.

கடையில் விற்கிற சாதாரண பிளாஸ்டிக் ஸ்டூலின் நடுவில் ஓர் ஓட்டை இருக்கும். ஸ்டூலை மேஜை மேல் வைத்து, போனை அதன் மேல் படுக்க வைத்து, கேமரா அந்த ஓட்டைக்கு நேராக வரும்படி நகர்த்த வேண்டும். அடியில் நோட்டுப் புத்தகம். போனின் டார்ச்சைப் போட்டால் வெளிச்சம் போதும். ஸ்க்ரீன் மிரரிங்கில் போனை டிவியோடு இணைத்தால், ஒரு பிள்ளையின் நோட்டு சுவர் அளவுக்குத் தெரியும். இதற்கு இன்டர்நெட் வேண்டாம், செலவும் இல்லை. ஆவணக் கேமரா என்று தனியாக ஒரு கருவியை ஆயிரக்கணக்கில் விற்கிறார்கள். அதன் வேலையை இந்த ஸ்டூல் செய்துவிடுகிறது.

சின்ன நுணுக்கங்கள் உண்டு. ஓட்டை சின்னதாக இருந்தால் சூடு காட்டிய கத்தியால் கொஞ்சம் அகலப்படுத்தலாம். நோட்டு மேல் டார்ச் வெளிச்சம் பட்டுப் பளபளத்தால் லென்ஸை விட்டுவிட்டு விளக்கின் மேல் மட்டும் ஒரு துண்டு டிரேசிங் பேப்பர் ஒட்டலாம். படம் தலைகீழாகத் தெரிந்தால் போனைத் திருப்ப வேண்டாம், நோட்டைத் திருப்புங்கள். அழைப்பு வந்து பாடம் கெடாமல் இருக்க ஏர்பிளேன் மோடில் போட்டு, வைஃபையை மட்டும் திறந்து வைத்துக்கொள்ளலாம்.

ஆசிரியர்கள் ஆளுக்கொன்றாக அடியில் வைத்துப் பார்த்தார்கள். ராகிக் கதிர், எறும்பு, வெற்றிலையின் நரம்பு. ராகி மணி ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலத்துக்குத் தெரிந்தபோது கூடத்தில் ஒரே ஆரவாரம். எனக்கு முக்கியம் நோட்டுப் புத்தகம்தான். பயிற்சி என்றாலே யாரோ சென்னையில் தயாரித்த வீடியோவைப் போட்டுக் காட்டுவது என்று ஆகிவிட்டது. நம் வகுப்புப் பிள்ளை நேற்றுப் போட்ட கணக்கை விடச் சிறந்த பாடப்பொருள் எதுவும் இல்லை. அதை எல்லோரும் ஒரே நேரத்தில் பார்த்துப் பேச வழி செய்வதுதான் இந்தத் திரையின் தலையாய பயன் என்று உறுதியாக நம்புகிறேன்.

"தப்பாப் போட்ட பிள்ளையோட நோட்டைப் பெருசாக் காட்டினா அது கூனிக் குறுகிப் போயிருமே?" என்று ஒரு டீச்சர் கேட்டார். இந்த இரண்டு நாளில் வந்த கேள்விகளில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இது. கூடமே விவாதித்து ஒரு முடிவுக்கு வந்தது: தவறான கணக்கை ஆசிரியரே தன் கையெழுத்தில் வேறு தாளில் எழுதிக் காட்டுவது; பிள்ளையின் நோட்டை அப்படியே காட்டுவது, சரியாகவோ புது வழியிலோ போட்டபோதும், அந்தப் பிள்ளை சம்மதித்தபோதும் மட்டும்.

வியாழன்

விடாமல் மழை. மின்சாரம் வருவதும் போவதுமாக இருந்தது. பயிற்சி மதியத்தோடு முடிந்தது.

அறையில் உட்கார்ந்து பழைய குறிப்புகளைப் புரட்டினேன். பெரு நாட்டில் லட்சக்கணக்கான பிள்ளைகளுக்கு மடிக்கணினி கொடுத்தார்கள். அமெரிக்க நாடுகளுக்கிடையிலான வளர்ச்சி வங்கி 2012இல் வெளியிட்ட ஆய்வில், கணக்கிலும் மொழியிலும் அதனால் முன்னேற்றம் எதுவும் தெரியவில்லை. பாடத்தோடு அதை எப்படி இணைப்பது என்ற வழிகாட்டல் ஆசிரியர்களுக்குப் போதவில்லை. பக்கத்துக் கேரளத்தில் 2001இல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டம், 2017இல் கைட் நிறுவனமாக மாறி, 45,000 வகுப்பறைகளுக்குக் கருவி கொண்டுபோனது. அங்கே ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பவர்கள் பெரும்பாலும் ஆசிரியர்களே. வகுப்பில் நின்றவர் வகுப்பில் நிற்பவருக்குச் சொல்வது.

அமெரிக்கக் கல்வியாளர்கள் ப்ரூஸ் ஜாய்ஸும் பெவர்லி ஷோவர்ஸும் 1980களிலேயே எழுதிவிட்டார்கள்: விளக்கம், செய்துகாட்டல், பயிற்சிக் கூடத்தில் பழகுதல் இவ்வளவும் போதாது, வகுப்பறைக்குள் கூடவே நின்று கைகொடுக்க ஓர் ஆள் இருந்தால்தான் கற்றது வகுப்பில் நிலைக்கும். நம்மூரில் பயிற்சியின் கடைசி வேலை வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குவதாக இருக்கிறது. அதைத் தாண்டி ஒரு நாளாவது வேண்டும் என்று கேட்டு, நாளைக்கு அனுமதி வாங்கியிருக்கிறேன்.

வெள்ளி

காட்டோரத்தில் ஒரு பள்ளி. வகுப்பில் சில பிள்ளைகள் தூங்கி வழிந்தார்கள். ராகி அறுவடைக் காலம். யானை வராமல் இருக்க அப்பா அம்மாவோடு காவல் குடிசையில் இரவு கழிகிறதாம். டீச்சர் யாரையும் அதட்டவில்லை. முகம் கழுவிவிட்டு வரச் சொன்னார்.

ஐந்தாம் வகுப்பு, வகுத்தல். திங்கட்கிழமை வரை காத்திருக்க மனமில்லாமல் இன்றே எடுத்துவிட்டார். 612ஐ 6ஆல் வகுக்க வேண்டும். பிள்ளைகள் நோட்டில் போட்டுக்கொண்டிருந்தபோது அவர் வரிசை வரிசையாக நடந்து பார்த்தார். பாதிப் பேருக்கு மேல் 12 என்று போட்டிருந்தார்கள். 6இல் 6 ஒரு தடவை. அடுத்து 1, அதில் 6 போகாது. அதை அப்படியே விட்டுவிட்டு 12ஐ எடுத்து 2 என்று போட்டுவிடுகிறார்கள். ஈவில் சுழியத்துக்கு இடமே இல்லை.

டீச்சர் 12 வரும் வழியைத் தன் கையெழுத்தில் ஒரு தாளில் எழுதி ஸ்டூலுக்கு அடியில் வைத்தார். சுவரில் பெரிதாகத் தெரிந்தது. "சரியா?" என்று கேட்கவில்லை. "612 ரூபாயை ஆறு பேருக்குப் பிரிச்சா ஆளுக்குப் பன்னெண்டு ரூபாய்தான் வருமா?" என்றார்.

கொஞ்சம் அமைதி. பிறகு பின்னாலிருந்து ஒரு பையன், "இல்லீங்க டீச்சர், ஆளுக்கு நூறு குடுத்தாலே அறுநூறுதான் ஆகுது" என்றான். இன்னொருத்தி விரல் விட்டுக் கணக்குப் போட்டு, "பன்னெண்டு ஆறு எழுபத்திரண்டுதான்" என்றாள். டீச்சர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்போ மிச்சப் பணம் எங்கே போச்சு? யாராவது வந்து காட்டுங்க."

வந்தது, காலையில் முகம் கழுவிவிட்டு வந்த பெண். ஸ்டூலுக்கு அடியில் கையை விட்டுத் தாளில் எழுதினாள். சுவரில் அவள் விரல்கள் பெரிதாக நகர்ந்தன. 1 போட்டாள். அடுத்த இடத்தில் நின்றாள். "பத்து ரூபாய் ஒண்ணுதான் இருக்குது டீச்சர். ஆறு பேருக்கும் பத்துப் பத்தாக் குடுக்க முடியாது. அதனால ஒண்ணும் இல்ல" என்று சொல்லி 0 போட்டாள். அப்புறம் 2. வகுப்பில் சிலர் அவசர அவசரமாகத் தங்கள் நோட்டில் அடித்துத் திருத்தினார்கள்.

நான் செய்ததெல்லாம் ஒன்றுதான். நடுவில் டிவி இணைப்பு ஒரு முறை அறுந்தது. டீச்சர் திரும்பிப் பார்க்காமல் பேச்சைத் தொடர, நான் மறுபடி இணைத்துக் கொடுத்தேன். முதல் முறை அப்படி ஒருவர் பக்கத்தில் இருந்தால் போதும். அடுத்த முறை அவரே செய்துகொள்வார்.

மதியம் முதல் நாள் பார்த்த தலைமை ஆசிரியரிடமிருந்து போன். மேலே பேசிப் பார்த்தாராம். டிவி பயன்பாட்டுக்கென்று ஒரு தனி நோட்டுப் போட்டு, தினமும் எந்த வகுப்பு, எந்தப் பாடம் என்று எழுதினால், பழுதாகும்போது அதுவே சாட்சி என்று ஆசிரியர் பயிற்றுநர் சொன்னாராம். "உறையைக் கழட்டிட்டேனுங்க" என்றார்.

சனி

கிளம்பும் முன் ஆறேழு ஆசிரியர்கள் வள மையத்துக்கு வந்தார்கள். விடுமுறை நாள், யாரும் கூப்பிடவில்லை. மாதம் ஒரு முறை, பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில், ஒருவர் தான் நடத்திய ஒரே ஒரு பாடத்தைப் பத்து நிமிடம் சொல்வது, எது ஓடியது, எது ஓடவில்லை என்று மற்றவர்கள் கேட்பது என்று பேசி முடிவெடுத்தார்கள். முதலில் சொல்லப் போகிறவர் ஐந்தாம் வகுப்பு டீச்சர். கன்னட வழி ஆசிரியர் தன் பென் டிரைவைப் பக்கத்துப் பள்ளிகளுக்குக் கொண்டுபோய்ப் பிரதி எடுத்துக் கொடுக்கிறார். பாட்டுப் பாடும் மூத்த ஆசிரியையும் வந்திருந்தார். அவர் பாடுவதை இளம் ஆசிரியர்கள் போனில் பதிவு செய்துகொண்டார்கள்.

துறையில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு கோரிக்கை. அடுத்த பயிற்சிக்கான சுற்றறிக்கையில் கூடத்துக்கான நாட்களோடு பள்ளிக்கான ஒரு நாளையும் சேர்த்து எழுதுங்கள். கருத்தாளர் அன்று அந்த ஆசிரியரின் வகுப்பில் இருக்க வேண்டும் என்று ஒரு வரி. பேருந்துக் கட்டணமும் மதியச் சாப்பாடும்தான் கூடுதல் செலவு. அடுத்த மாதக் குறுவள மையக் கூட்டத்துக்கு நான் சொந்தச் செலவிலேயே வருவதாகச் சொல்லியிருக்கிறேன். பின்னங்கள் எடுக்கிறார்கள். அதற்கான சிமுலேஷன்களைத் தமிழிலும் கன்னடத்திலும் தேடி எடுத்து வைக்க வேண்டும்.